‘தானே பல் துலக்குகிறான்’ என்று குறித்திருந்தோம். கடைவாயில் நான்கு சொத்தைப் பற்கள்

திருமங்கலம் டீச்சர்:

அனைவருக்கும் வணக்கம். திருமங்கலத்தை அடுத்த ஒரு சிறப்புப் பள்ளியில் 11 ஆண்டுகளாக அறிவுசார் குறைபாடுள்ள மாணவர்களுக்குக் கற்பித்து வருகிறேன். சென்ற மாதம் எங்கள் பள்ளியில் நடந்த பல் பரிசோதனை முகாமில், 14 வயது மாணவன் ஒருவனுடைய வாயைப் பார்த்த மருத்துவர், கடைவாய்ப் பற்களில் நான்கு சொத்தையாகிவிட்டன என்றும், அவற்றுள் ஒன்றில் சொத்தை வேர்வரை இறங்கிவிட்டது என்றும் சொன்னார். அன்று மாலை அவனுடைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். தமிழ்நாட்டுச் சிறப்புப் பள்ளிகள் பலவற்றில் பயன்படும் எம்.டி.பி.எஸ். மதிப்பீட்டுப் படிவம் இங்குள்ள பலருக்குத் தெரிந்திருக்கும். மாணவருக்கு எந்தெந்த அன்றாடத் திறன்கள் வந்திருக்கின்றன என்று பார்ப்பது அது. 18 பகுதிகள், பகுதிக்கு 20 என 360 கூறுகள் கொண்டது. மாணவர் செய்தால் ‘ஏ’, செய்யாவிட்டால் ‘பி’. அதில் பல் துலக்குவதற்கு எதிரே மூன்று ஆண்டுகளாக ‘ஏ’ என்றே இருக்கிறது. கையெழுத்து என்னுடையது.

அவன் பல் துலக்குவதில்லை என்று சொல்ல முடியாது. பிரஷ்ஷை எடுப்பான், பேஸ்ட்டைப் பிதுக்குவான், முன்பற்களை மட்டும் இடமும் வலமுமாகப் பத்து நொடி தேய்ப்பான், வாய் கொப்பளித்து முகம் கழுவி, துண்டை எடுத்த இடத்திலேயே மாட்டுவான். படிகள் அனைத்தையும் முடித்துவிடுவதால் நாங்கள் யாரும் வாயைத் திறந்து பார்த்ததில்லை. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். முகாமுக்கு முந்தைய இரண்டு மாதங்களாக அவன் வலது கன்னத்தில் தானே அறைந்துகொண்டிருந்தான். மதிய உணவுத் தட்டைத் தள்ளிவிடுவான். நான் அதை நடத்தைச் சிக்கல் என்று எடுத்துக்கொண்டு, நாளொன்றுக்கு எத்தனை முறை அறைந்துகொள்கிறான் என்று கோடு போட்டு எண்ணி, வரைபடமும் வரைந்து வைத்திருந்தேன்.

மதிய உணவுக்குப் பிறகு பள்ளியிலேயே பல் துலக்கும் நேரம் ஒன்றைத் தொடங்க விரும்புகிறேன். எங்களிடம் 28 மாணவர்கள், மூன்று ஆசிரியைகள், ஓர் ஆயா, இரண்டு குழாய்கள் மட்டுமே. எப்படித் தொடங்குவது, எதை எதிர்பார்க்கலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

கே.கே. நகர் பல் டாக்டர்:

டீச்சர், வரைபடத்தைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். அவனுக்குச் சிகிச்சை தரப்போகும் மருத்துவரிடம் அதைக் காட்டுங்கள். பேச்சு வராத மாணவர் பல்வலியைக் கையால்தான் சொல்வார். கன்னத்தில் அறைவது, சட்டைக் காலரையோ புறங்கையையோ கடிப்பது, ஒரே பக்கமாக மெல்வது, குளிர்ந்த தண்ணீரை மறுப்பது, இரவில் உறங்காமல் இருப்பது, வழக்கத்தைவிட அதிகமாக எச்சில் வடிவது ஆகியவற்றில் எது புதிதாகத் தொடங்கினாலும், நடத்தைத் திட்டம் எழுதுவதற்கு முன் வாயையும் காதையும் பார்த்துவிட வேண்டும்.

பொதுவாக எந்தக் குழந்தைக்கும் ஏழு, எட்டு வயதுவரை பெரியவர் ஒருவர் பல் துலக்கி முடித்துவைக்க வேண்டும் என்றுதான் நாங்கள் சொல்கிறோம். அதற்கு முன் விரல்களுக்கு அந்த நுணுக்கம் வருவதில்லை. உங்கள் மாணவனின் 14 வயது பள்ளிப் பதிவேட்டில் உள்ள வயது. பிரஷ்ஷைத் திருப்பிக் கடைவாயின் உட்புறத்துக்குக் கொண்டுபோகும் மணிக்கட்டு அந்த வயதை எட்டியிருக்க வேண்டும் என்பதில்லை.

பேஸ்ட்டைப் பற்றிச் சிறு குறிப்பு. ஃபுளோரைடு கலந்த பேஸ்ட்டே வேண்டும். இந்தியாவில் விற்கும் பேஸ்ட்டில் 1,000 பி.பி.எம். அளவுவரை அனுமதி உண்டு. மூன்று வயதுக்கு மேல் பட்டாணி அளவு போதும். துப்பத் தெரிந்தவர்கள் நுரையைத் துப்பிவிட்டால் போதுமானது. பிறகு செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்றிக் கொப்பளித்தால் பல்லின்மேல் தங்க வேண்டிய ஃபுளோரைடும் போய்விடும். துப்பத் தெரியாதவர்களுக்கு அரிசி அளவு பேஸ்ட்டைப் பூசினாற்போல் இட்டால் போதும், விழுங்கினாலும் கெடுதல் இல்லை.

வேர்வரை சென்ற பல்லுக்கு வேர் சிகிச்சை அல்லது பல்லை எடுப்பது என்ற இரண்டில் ஒன்றுதான் வழி. மற்ற மூன்றிலும் சொத்தை நரம்பை எட்டவில்லை என்றால் 38 சதவீத சில்வர் டையமைன் ஃபுளோரைடு பற்றிக் கேளுங்கள். துளையிடும் இயந்திரமோ ஊசியோ வேண்டியதில்லை. ஒரு சொட்டை எடுத்துத் தடவினால் பெரும்பாலும் சொத்தை மேலே பரவாமல் நின்றுவிடும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் இதை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. தடவிய இடம் கறுத்துவிடும் என்பதைப் பெற்றோரிடம் முன்னரே சொல்லிவிடுவது நல்லது. கடைவாய்ப் பல்லில் அந்தக் கறுப்பு வெளியே தெரியாது.

ஒரு கேள்வி: உங்கள் பள்ளியில் சரியான விடைக்குப் பரிசாக மாணவர்களுக்கு என்ன கொடுக்கிறீர்கள்?

திருமங்கலம் டீச்சர்:

ஜெம்ஸ் மிட்டாய் கொடுக்கிறோம், டாக்டர். ஒரு விடைக்கு ஒன்று.

கே.கே. நகர் பல் டாக்டர்:

எதிர்பார்த்தேன். சர்க்கரையின் அளவைவிட, அது எத்தனை முறை வாய்க்குள் போகிறது என்பதே பல்லுக்கு முக்கியம். ஒவ்வொரு முறை இனிப்பு பட்டதும் கிருமிகள் அமிலம் சுரக்கின்றன. உமிழ்நீர் அதைச் சமன்செய்ய ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகிறது. சாப்பாட்டோடு ஒரு முழு லட்டு தின்பவனைவிட, காலை பத்து மணி முதல் பிற்பகல் மூன்று மணிவரை இருபது நிமிடத்துக்கு ஒரு ஜெம்ஸ் பெறுபவனுடைய பற்களே அதிகமாகக் கெடும், ஏனென்றால் அவனுடைய வாய் நாள் முழுவதும் அமிலத்திலேயே ஊறிக்கொண்டிருக்கிறது. கற்பித்தல் முறைக்கு மிகப் பொருத்தமான அந்தச் சின்னஞ்சிறு பரிசு பல்லுக்கு மிகப் பொருந்தாத ஒன்றாக இருக்கிறது. மெல்லுவதிலும் விழுங்குவதிலும் சிரமம் இல்லாதவர்களுக்கு வெள்ளரிப் பிஞ்சுத் துண்டு, கொய்யாத் துண்டு கொடுக்கலாம். மற்றவர்களுக்குக் கைத்தட்டல், முத்திரை, பிடித்த பொருளோடு ஒரு நிமிடம்.

வாடிப்பட்டிப் பயிற்றுநர்:

டாக்டர் சொன்ன மருத்துவச் செய்திகளில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் பெரியவர் முடித்துவைக்க வேண்டும் என்பதை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம் இருக்கிறது. வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநராக வீடு வீடாகச் சென்றவள் நான். ‘அவளுக்கு ஒன்றும் வராது, நானே செய்துவிடுகிறேன்’ என்ற அம்மாக்களின் கையிலிருந்து சோற்றுத் தட்டையும் சீப்பையும் பிரஷ்ஷையும் வாங்கிப் பிள்ளைகளின் கையில் கொடுப்பதற்கே எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. இப்போது பள்ளியே அந்தப் பிரஷ்ஷைத் திரும்ப வாங்கிக்கொண்டால், 18 வயதுப் பெண்ணின் தாடையைப் பிடித்து வாயைத் திறப்பதற்கு யாருக்கு உரிமை இருக்கிறது என்ற கேள்வியும் எழும். ஆயாக்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஐந்து பிள்ளைகளுக்கு ஒரே மூச்சில் தேய்த்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போக வேண்டிய நிலையில் இருப்பவரின் கை மென்மையாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஒருமுறை ஈறு கிழிந்த பிள்ளை அடுத்த ஆறு மாதத்துக்கு வாயைத் திறக்காது.

பள்ளியில் பல் துலக்க வேண்டும் என்பதை மட்டும் முழுமையாக ஆதரிக்கிறேன். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரையில்தான் தொடங்கியது. அரசுத் தொடக்கப் பள்ளியில் படிக்கும் எங்கள் பிள்ளைகள் இப்போது காலையிலும் மதியமும் பள்ளியில்தான் சாப்பிடுகிறார்கள். வாயில் உணவு சேரும் இடமே அதை அகற்றக் கற்றுக்கொடுக்கும் இடமாகவும் இருப்பதில் தவறில்லை.

திருமங்கலம் டீச்சர்:

நீங்கள் சொல்வது எனக்குப் புரிகிறது, அக்கா. ஆனால் நான் செய்த தவறும் இந்த இடத்தில்தான் நடந்தது. தற்சார்பு என்ற சொல்லை நான் அவ்வளவு மதித்ததால்தான் வாய் சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்கவில்லை. அவன் தானே செய்கிறான் என்பது ஒரு செய்தி. அதனால் பல் சுத்தமாகிறது என்பது வேறு செய்தி. படிவத்தில் இரண்டுக்கும் ஒரே கட்டம்தான் இருக்கிறது.

வாடிப்பட்டிப் பயிற்றுநர்:

அப்படியானால் கட்டத்தைப் பிரித்துவிடலாம், சகோதரி. பல் துலக்குதல் என்ற ஒரே கூறை, மேல் வலது வெளிப்புறம், மேல் வலது உட்புறம், மேல் வலது கடிக்கும் பகுதி என்று வாயின் நான்கு பாகங்களுக்கும் மும்மூன்றாகப் பிரித்தால் பன்னிரண்டு படிகள் கிடைக்கும். பின்னோக்கிக் கற்பிக்கும் முறையில், முதல் பதினொன்றை நீங்கள் அவன் கைமேல் கைவைத்துச் செய்து, கடைசிப் படியை மட்டும் அவனிடம் விட்டுவிடுங்கள். முடித்த மகிழ்ச்சி அவனுடையதாக இருக்கும். அது பழகிய பிறகு கடைசி இரண்டு, பிறகு மூன்று. தொடுவதற்கு முன் ‘இப்போது என் முறை’ என்று சொல்லுங்கள். அவன் கை உயர்த்தினால் நிறுத்துங்கள். நிறுத்துகிறீர்கள் என்று அவன் நம்பிவிட்டால் கை உயர்த்துவது தானாகக் குறையும். பெரியவர் முடித்துவைப்பதை இந்த வடிவத்தில் என்றால் நான் ஏற்கிறேன்.

பல்லில் படிந்த அழுக்கைச் சிவப்பாகக் காட்டும் சாயம் பல் மருத்துவர்களிடம் கிடைக்கிறது. மாதம் ஒருமுறை அதைத் தடவிக் கண்ணாடியைக் கையில் கொடுத்தால், எந்த இடம் விட்டுப்போயிற்று என்று மாணவரே பார்த்துக்கொள்வார். சிவப்பைத் துரத்துவது என் மாணவி ஒருத்திக்கு விளையாட்டாகவே ஆகிவிட்டது.

மேலூர் அம்மா:

என் மகனுக்கு 12 வயது. வலிப்புக்கு ஐந்து ஆண்டுகளாக மாத்திரை சாப்பிடுகிறான். ஈறுகள் வீங்கிப் பல்லைப் பாதி மூடிவிட்டன. பிரஷ் பட்டாலே இரத்தம் வருகிறது. இரத்தம் வருவதால் மூன்று மாதமாகத் துலக்குவதையே நிறுத்திவிட்டு உப்புத் தண்ணீர் மட்டும் கொடுத்து வருகிறேன். மாத்திரையை நிறுத்தினால் சரியாகும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும்?

கே.கே. நகர் பல் டாக்டர்:

அம்மா, மாத்திரையை நீங்களாக ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள்; வலிப்பு கட்டுப்பாடின்றி வந்துவிடும். சீட்டில் பெனிடாயின் என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அதைச் சாப்பிடுபவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஈறு இவ்வாறு வளர்கிறது. நரம்பியல் மருத்துவரிடம் ஈற்றைக் காட்டிக் கேட்டால், வேறு மருந்துக்கு மாற்றலாமா என்பதை அவர் முடிவுசெய்வார்.

ஈற்றில் இரத்தம் வருவது பெரும்பாலும் அங்கே அழுக்கு சேர்ந்து புண்ணாகியிருப்பதன் அடையாளம். துலக்குவதை நிறுத்தினால் அழுக்கு கூடும், இரத்தமும் கூடும், மருந்தினால் வரும் வீக்கமும் மிகும். மிக மென்மையான பிரஷ்ஷால் ஈறும் பல்லும் சேரும் கோட்டில் மெதுவாகத் தொடர்ந்து துலக்கி வந்தால் இரத்தம் வருவது ஒரு வாரம், பத்து நாளில் குறையத் தொடங்கும். அதற்கு முன் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டி, பல்லில் கெட்டியாகப் படிந்திருக்கும் காரையை எடுத்துவிடுங்கள். மருந்தைச் சிரப்பாகக் கொடுக்கும் பெற்றோருக்கும் ஒன்று: பெரும்பாலான சிரப்பில் சர்க்கரை உண்டு, இரவில் கொடுத்துவிட்டு அப்படியே படுக்கவைக்காமல் வாயை ஈரத்துணியாலாவது துடைத்துவிடுங்கள்.

திருநகர் அப்பா:

என் மகளுக்கு 26 வயது, டவுன் சிண்ட்ரோம். சொத்தை ஒன்றுகூட இல்லை என்று பெருமையாக இருந்தோம். 22 வயதில் கீழ் முன்பற்கள் இரண்டு ஆடி விழுந்தபோதுதான், இவர்களுக்குச் சொத்தையைவிட ஈறு நோயே முன்கூட்டி வருகிறது, வேகமாகவும் வளர்கிறது என்று தெரிந்தது. டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயக் குறை பிறவியிலேயே இருப்பதால், பல் எடுக்கும் முன் ஆன்டிபயாடிக் வேண்டுமா என்று இதய மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். கழுத்தெலும்பு தளர்ந்திருப்பவர்களும் உண்டு என்பதால், நாற்காலியில் தலையை அதிகமாகப் பின்னுக்குச் சாய்க்க வேண்டாம் என்று நாமே சொல்லிவிடுவது நல்லது.

நாங்கள் முதலில் சென்ற ஒரு தனியார் கிளினிக்கில், இவள் சத்தமிட்டால் மற்ற நோயாளிகள் பயப்படுவார்கள் என்று சொல்லி வெளியிலேயே நிற்கவைத்துவிட்டார்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 25-ஆம் பிரிவு, தனியார் மருத்துவமனையிலும் தடையற்ற அணுகல் வேண்டும் என்றும், சிகிச்சையில் முன்னுரிமை வேண்டும் என்றும் சொல்கிறது. அன்று எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் அழுகிற மகளை வைத்துக்கொண்டு சட்டம் பேசியிருப்பேனா என்பது ஐயமே. இப்போது முன்கூட்டியே தொலைபேசியில் பேசி, காலையில் முதல் நோயாளியாகச் செல்கிறோம். முதல் இரண்டு முறை நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து வந்தது மட்டும்தான். மூன்றாம் முறைதான் வாயைத் திறந்தாள். மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்ட்டின் நிராமயா மருத்துவக் காப்பீடு ஒரு லட்ச ரூபாய்வரை உண்டு. பல் பாதுகாப்புச் செலவுக்கும் அதில் இடம் இருக்கிறது. பதிவு செய்யாதவர்கள் செய்துவிடுங்கள்.

சோழவந்தான் தாத்தா:

பேரனுக்கு வேப்பங்குச்சி கொடுத்தால் இவ்வளவு சிரமம் இல்லையே?

வட்டார இயன்முறை மருத்துவர்:

ஐயா, குச்சியை மென்று பிரஷ்போல ஆக்குவதற்கே தாடையும் கையும் ஒத்துழைக்க வேண்டும். கூர்முனை தொண்டையில் குத்தும் ஆபத்தும் உண்டு. ஆனால் உங்கள் காலத்தில் விரலால் ஈறு தேய்த்தீர்களே, அது இங்கே பயன்படும். பிரஷ்ஷைக் கண்டாலே ஓடும் பிள்ளைக்கு முதல் வாரம் கன்னத்தின் வெளியே தொடுவது, அடுத்து உதடு, பிறகு துணி சுற்றிய விரலால் முன் ஈறு என்று வந்து, கடைசியாகப் பிரஷ்ஷுக்கு மாறலாம். விரல் எப்போதும் பல்லுக்கும் கன்னத்துக்கும் இடையில்தான் போக வேண்டும். மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே விரலை வைத்துவிடாதீர்கள். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளை வேண்டுமென்று கடிப்பதில்லை. தாடை தானாக இறுகிக்கொள்ளும்.

டீச்சருக்கு: மாணவரை நாற்காலியில் நேராக உட்காரவைத்து, நீங்கள் பின்னால் நின்று, அவர் தலையை உங்கள்மேல் சாய்த்துக்கொண்டால் ஒரு கையால் தாடையைத் தாங்கி மறு கையால் துலக்கலாம். விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்கு மோவாய் சற்றே கீழ்நோக்கி இருக்க வேண்டும். அண்ணாந்தால் எச்சிலும் கிருமியும் நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரலாம். பிடி வலுவில்லாதவர்களுக்குப் பிரஷ்ஷின் கைப்பிடியில் சைக்கிள் ஹேண்டில் உறையைச் செருகி, உள்ளே துணி அடைத்தால் ஆடாமல் நிற்கும். பிறகு, குழாய் இரண்டுதான் என்று கவலைப்பட்டிருந்தீர்கள். பல் துலக்கக் குழாயடியே வேண்டாம். வகுப்பறைப் பெஞ்சிலேயே, நனைக்காத பிரஷ்ஷில் துளி பேஸ்ட்டும், துப்புவதற்கு ஒரு பழைய கிண்ணமும் போதும்.

மாசி வீதிக் கடைக்காரர்:

நான் ஆசிரியனும் இல்லை, மருத்துவனும் இல்லை. ஆண்டுதோறும் என் மகளின் பிறந்தநாளுக்கு ஒரு சிறப்புப் பள்ளிக்குக் கேக்கும் சாக்லேட்டும் கொண்டுபோகிறவன். இந்த இழையைப் படித்ததும் மனம் சங்கடப்பட்டது. அந்தப் பிள்ளைகள் ஓடிவந்து கையைப் பிடிப்பதே அதற்காகத்தான். இனிப்பில்லாமல் எப்படிப் பிறந்தநாள் என்று போவது?

திருமங்கலம் டீச்சர்:

ஐயா, இனிப்பை நிறுத்த வேண்டாம். மாலை மூன்றரைக்கு வந்து சாக்லேட் கொடுத்தால், வேனில் ஏறி வீடு சேரும்வரை அது கடைவாயிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். கன்னத்தில் உணவை அடக்கிவைக்கும் பழக்கம் எங்கள் பிள்ளைகள் பலருக்கு உண்டு. மதியச் சாப்பாட்டோடு ஒரு கேசரியாகக் கொடுங்கள், பிறகு பல் துலக்கும்வரை இருங்கள். ஆளுக்கொரு பிரஷ் வாங்கித் தருவதானால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருப்பதால், எங்களைப் போன்ற பள்ளிக்கு அது பெரிய உதவி.

திருமங்கலம் டீச்சர் (ஐந்து வாரங்களுக்குப் பிறகு):

நடந்ததை எழுதுகிறேன். 28 பேரையும் ஒரே நாளில் சேர்க்கவில்லை. முதல் வாரம் ஆறு பேர், பிறகு வாரத்துக்கு ஐந்தாறு பேராகக் கூட்டினோம். பெஞ்சில்தான் துலக்குகிறோம். ஒவ்வோர் இடத்துக்கும் பத்து எண்ணிக்கை என்று வைத்து, கணக்குப் பாடத்தில் எண்ணத் தெரிந்த மாணவி ஒருத்தியை உரக்க எண்ணவிடுகிறோம். அவள் எட்டுக்குப் பிறகு பத்துக்குத் தாவிவிடுவதால் ஒன்பது மட்டும் எங்கள் வாய்க்கு எப்போதும் குறைவு. பிரஷ்களை முதலில் ஒரே டம்ளரில் வைத்திருந்தோம். முனையோடு முனை உரசுவதைப் பார்த்த டாக்டர் கடிந்துகொண்டதால், இப்போது அட்டைப் பெட்டியில் துளையிட்டுப் பெயரெழுதித் தனித்தனியாக நிமிர்த்தி வைக்கிறோம். கையுறையை ஒரு மாணவருக்கும் அடுத்த மாணவருக்கும் இடையில் மாற்றுகிறோம், செலவு பிடிக்கிறது.

ஒன்பது பேர் வாய் முழுவதையும் துலக்க விடுகிறார்கள். நான்கு பேர் இன்னும் உதட்டைத் தாண்ட விடவில்லை. மற்றவர்கள் இடையில் எங்கோ இருக்கிறார்கள். இரண்டு பெற்றோர், பள்ளியில் இதற்கு நேரம் செலவிட்டால் எழுத்து எப்போது சொல்லித் தருவீர்கள் என்று கேட்டார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லி முடித்துவிட்டதாக நான் நினைக்கவில்லை.

அந்த மாணவனுக்கு ஒரு பல்லை எடுத்துவிட்டார்கள். மற்ற மூன்றுக்கும் மருந்து தடவியிருக்கிறார்கள். பல் எடுத்த நான்காம் நாளிலிருந்து என் வரைபடத்தில் கோடு விழவில்லை. அவனுடைய படிவத்தில் ‘ஏ’-வை அடித்து ‘பி’ என்று திருத்தினேன். மூன்று ஆண்டுகள் முன்னேறியவன் திடீரென்று பின்னடைந்தது எப்படி என்று ஆய்வில் கேட்பார்களே என்று தலைமையாசிரியை கவலைப்பட்டார். கேட்டால் இந்த வரைபடத்தைக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். பன்னிரண்டு படிகளில் கடைசி மூன்றை இப்போது அவனே செய்கிறான்.

மேலூர் அம்மா:

நரம்பு டாக்டர் மாத்திரையை மாற்றி எழுதியிருக்கிறார். பழையதைச் சிறிது சிறிதாகத்தான் குறைக்க வேண்டுமாம். காரை எடுத்த பிறகு தினமும் துலக்குகிறேன், இரத்தம் பெரும்பாலும் நின்றுவிட்டது. அவனே பிடித்துத் துலக்க ஆசைப்படுகிறான், ஆனால் பிரஷ் கையிலிருந்து நழுவுகிறது. அந்த சைக்கிள் உறை எங்கே கிடைக்கும்?

வட்டார இயன்முறை மருத்துவர்:

எந்த சைக்கிள் கடையிலும் கிடைக்கும், அம்மா. ரப்பரில் வரிவரியாக இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். வழவழப்பானது ஈரக்கையில் நிற்காது. ஜோடியாகத்தான் தருவார்கள். மற்றதை அவனுடைய சாப்பாட்டுக் கரண்டியில் மாட்டிவிடுங்கள்.